எங்கும் போகாத சைக்கிள்

மெல்போர்னில் நம் ஆட்கள் கூடும் பிறந்தநாள் விழாக்களில் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை பி.எம்.எக்ஸ். சைக்கிள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. அப்பா கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் புலம்புகிறார். "கியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை. சீட்டு முழங்கால் உயரத்துக்கு மேல வரமாட்டேங்குது. விலை மட்டும் இருபத்தொரு கியர் சைக்கிளை விட ஜாஸ்தி. எதுக்குங்க இது?"

வங்கியில் வேலை பார்ப்பவனிடம் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்றால், என் இரண்டு பிள்ளைகளும் ஓட்டுவதால் எங்கள் ஊர் கவுன்சில் ஸ்கேட் பார்க்கின் பெஞ்சில் சனி ஞாயிறுகளில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பவன் நான்தான் :-)

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான பதில் கடையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சைக்கிளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

முதலில் நம்ம ஊர்ச் சைக்கிளிலிருந்து தொடங்குவோம். எனக்கு ஊர் மீனாட்சிபுரம். (1981-ல் செய்திகளில் அடிபட்ட தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரம் இல்லை. இது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம்.) பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்த தாலுகா, 1956 நவம்பர் 1-ல் கேரளத்துக்குப் போனது. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். எல்லையின் இரண்டு பக்கமும் பொதுவாக இருந்த ஒரு பொருள் சைக்கிள். பால் கேன், தேங்காய், இளநீர், புல்லுக்கட்டு எல்லாம் அதில்தான் போகும். ரேஷன் அரிசி மூட்டை செக்போஸ்ட் கண்ணில் படாமல் குறுக்குப் பாதையில் போவதும் அதில்தான்!

அந்தச் சைக்கிளில் பெரும்பங்கு சென்னையிலிருந்து வந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்தது. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கப்பட்ட கம்பெனி அது. அதனால்தான் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள். வடக்கே லூதியானாவில் முஞ்சால் சகோதரர்கள் 1956-ல் ஹீரோ சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1986-ல் உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று அது கின்னஸில் ஏறியது.

இந்தச் சைக்கிள்கள் எல்லாம் வேலைக்காரச் சைக்கிள்கள். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கனமான கேரியர், இரட்டைக் கால் ஸ்டாண்டு. வருஷா வருஷம் பஞ்சாயத்துக்குப் பணம் கட்டி வில்லை வாங்கிய காலமும் இருந்தது. அதாவது, சைக்கிள் ஒரு சொத்து. அதில் பிள்ளைகள் விளையாடலாம் என்று யாரும் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இருந்தது வாடகைக் கடை. கால் சைக்கிள், அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று உயரத்துக்கு ஏற்ப நிறுத்தி வைத்திருப்பார்கள், மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. காசில்லாதவர்கள் அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். பெரிய சைக்கிளில் சின்னப் பிள்ளை தொங்கிக்கொண்டு போவதுதான் நமக்குத் தெரிந்த முதல் சைக்கிள் பாடம். இது முக்கியம், பிறகு இதற்கு வருகிறேன்.

அதே காலத்தில் அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1963-ல் ஷ்வின் கம்பெனி ஸ்டிங்ரே என்று ஒரு சிறுவர் சைக்கிளை விட்டது. இருபது அங்குலச் சக்கரம், வாழைப்பழ வடிவ சீட்டு, உயரமான ஹேண்டில்பார். கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் மோட்டோகிராஸ் பந்தயம் பிரபலம். மோட்டார் சைக்கிள் வாங்க முடியாத பொடியன்கள் இந்த ஸ்டிங்ரேயை மண்மேட்டில் ஓட்டி அண்ணன்மார்களைப் போல நடித்தார்கள். 1970 நவம்பரில் லாங் பீச் நகரில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற 13 வயதுப் பையன், கால் டாலர் கட்டணம் வாங்கி ஒரு பந்தயமே நடத்தினான். தான் மோட்டார் சைக்கிளில் ஜெயித்த கோப்பைகளையே பரிசாகக் கொடுத்தானாம். 1971-ல் வந்த 'ஆன் எனி சண்டே' என்ற ஆவணப்படத்தின் தொடக்கத்தில் இப்படிச் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் வந்தார்கள். அதைப் பார்த்து அமெரிக்கா முழுக்கப் பொடியன்கள் மண்மேட்டைத் தேடிப் போனார்கள்.

போனவர்கள் சைக்கிளை உடைத்தார்கள். பி.எம்.எக்ஸ். வரலாறே உடைந்த பாகங்களின் வரலாறுதான். கம்பிச் சக்கரம் கோணியது. 1974-ல் ஸ்கிப் ஹெஸ் என்பவர் வார்ப்புச் சக்கரம் ஒன்றைச் செய்தார், அதிலிருந்து மங்கூஸ் கம்பெனி பிறந்தது. முன் ஃபோர்க் வளைந்தது. ரெட்லைன் கம்பெனி குரோமோலிக் குழாயில் ஃபோர்க் செய்தது. குரோமோலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. விமானச் சட்டங்களுக்குப் பயன்பட்ட சரக்கு. 4130 என்று ஃபிரேமில் ஒட்டியிருக்கும் எண் அதன் ரகம்தான். அதே வலுவுக்குச் சாதாரண எஃகைவிட மெல்லிய குழாய் போதும், அதனால் எடை குறையும்.

1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் வந்தது. அதில் பிள்ளைகள் போலீசிடமிருந்து தப்பிப்பது ஜப்பானின் குவஹாரா சைக்கிள்களில். உலகமே கடைக்கு ஓடியது. அந்தப் படத்தில் சண்டைக் கலைஞர்களைப் போலச் சைக்கிள் சாகசம் செய்தவர்களில் ஒருவர் பாப் ஹாரோ. பந்தயம் இல்லாமல் வித்தைக்காகவே ஓட்டும் 'ஃப்ரீஸ்டைல்' பாணியை வளர்த்தவர் அவர். இங்கிலாந்தில் ராலே கம்பெனி 1982-ல் பர்னர் என்ற பி.எம்.எக்ஸ்.ஸை விட்டது. அம்பத்தூர் தொழிற்சாலையின் இங்கிலாந்துக் கூட்டாளியான அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான் அப்போது ராலேயின் உரிமையாளர்.

அலை நம் பக்கமும் வந்தது. எண்பதுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஸ்ட்ரீட் கேட் என்று சொன்னாலே போதும், முகம் மலர்ந்துவிடும். சின்னச் சக்கரம், தடித்த டயர், உயர்ந்த ஹேண்டில்பார். ஊரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் ரைஸ்மில் வீட்டில். ஆனால் நமக்கு வந்தது பி.எம்.எக்ஸ்.ஸின் தோற்றம். மேட்டிலிருந்து குதிப்பதற்கான விமான எஃகு அந்தச் சைக்கிளுக்குத் தேவைப்படவும் இல்லை, அந்த விலையில் நம் அப்பாக்களால் வாங்கியிருக்கவும் முடியாது. பள்ளிக்கூடம் போய்வரப் போதுமான, நல்ல சைக்கிள் அது. சிக்கல் என்னவென்றால், அன்று மனதில் பதிந்த அந்தத் தோற்றத்தை வைத்தே இன்றும் நாம் கடையில் தேடுகிறோம். சூப்பர் மார்க்கெட்டில் பளபளவென்று நிற்பதும் அந்தத் தோற்றம்தான். அதில் பிள்ளை மூன்றடி உயரத்திலிருந்து குதிக்கும்போதுதான் தோற்றத்துக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். உடைவது சைக்கிள் மட்டும் என்றால் பரவாயில்லை.

எண்பதுகளின் இறுதியில் மேலைநாடுகளில் இந்த மோகம் இறங்கியது. பெரிய கம்பெனிகள் ஒதுங்கியபோது, ஓட்டுபவர்களே கம்பெனி தொடங்கினார்கள். மேட் ஹாஃப்மன் அவர்களில் ஒருவர். உடைத்தவனே செய்யத் தொடங்கியதால் சைக்கிள் மாறியது. பழைய பி.எம்.எக்ஸ்.ஸில் முன்னால் 44 பல், பின்னால் 16 பல். இன்று முன்னால் 25, பின்னால் 9. வகுத்துப் பாருங்கள்: அது 2.75, இது 2.78. மிதிக்கும் பாரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முன்பல் சக்கரம் சின்னதானதால் திண்டிலும் படிக்கட்டிலும் மோதாது, எடையும் குறைவு. கியர் மாற்றும் அமைப்பு ஒரு விழுதலுக்குத் தாங்காது, அதனால் கியர் இல்லை. உட்கார்ந்து ஓட்டுவதில்லை, அதனால் சீட்டு தாழ்வு.

2008 பெய்ஜிங்கில் பி.எம்.எக்ஸ். பந்தயம் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்க் ஃப்ரீஸ்டைலும் சேர்ந்தது. ஆண்களில் முதல் தங்கம் குயின்ஸ்லாந்துக்காரர் லோகன் மார்ட்டினுக்கு. பெண்களில் பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன். முதல் சுற்றில் விழுந்தார். இரண்டாம் சுற்றில் அதே வித்தையை மறுபடி முயன்று ஜெயித்தார்.

சரி, இப்போது கடைக்குப் போவோம்.

அளவு: இங்கேதான் குரங்குப் பெடல் புத்தி குறுக்கே வரும். "வளர்ற பையன் தானுங்க, பெருசா வாங்கிட்டா ரெண்டு வருஷம் வரும்" என்ற கணக்கு இதில் செல்லாது. தன் கைக்கு அடங்காத சைக்கிளைப் பிள்ளையால் தூக்கவும் திருப்பவும் முடியாது. ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கும் முப்பது வயது ஆளுக்கும் சக்கரம் அதே இருபது அங்குலம்தான். மாறுவது மேல்குழாயின் நீளம். நாலரை அடிக்கு மேல் உயரம் என்றால் சுமார் 20 அங்குல மேல்குழாய், ஐந்தடியைத் தாண்டினால் 20.5 அருகில், ஐந்தரைக்கு மேல் 20.75 முதல் 21. இன்னும் சின்னப் பிள்ளைக்கு 18 அல்லது 16 அங்குலச் சக்கரம்.

எஃகு: முழு ஃபிரேமும் குரோமோலி என்றால் உத்தமம். பட்ஜெட் இடிக்கிறதா? முன்பகுதிக் குழாய்களும் ஃபோர்க்கும் குரோமோலியாக இருப்பதை வாங்கலாம். முழுக்கச் சாதாரண எஃகு என்றால் தெருவில் ஓட்டிப் பழகலாம், உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள்.

கிராங்க்: நம்ம ஊர்ச் சைக்கிளில் காட்டர் பின் தேய்ந்து பெடல் ஆடுமே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே மலிவான ரகத்தில் ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் வரும். குதித்தால் வளையும். மூன்று துண்டாகச் சேர்க்கும் குழாய் கிராங்க்தான் வேண்டும். பேரிங்குகள் மூடிய வகையாக இருக்கட்டும். பின் அச்சு 14 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தெருவா, பார்க்கா: தெருவில் ஓட்டுபவர்கள் கைப்பிடிக் கம்பியிலும் திண்டிலும் சறுக்குவதற்காக அச்சின் நுனியில் பெக் மாட்டுவார்கள், பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். பார்க்கில் ஓட்டுபவர்களுக்கு எடை குறைவும் வழவழப்பான டயரும் முக்கியம். முதல் சைக்கிளுக்கு இந்தப் பிரிவினை வேண்டாம். 2.3 அங்குல அகல டயர் இரண்டுக்கும் ஒத்துவரும். பெக்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். பின் பிரேக் கட்டாயம் இருக்கட்டும், பிள்ளை என்ன சொன்னாலும்.

ஹெல்மெட்: 1990 ஜூலை 1-ல் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி, உலகத்துக்கே வழிகாட்டியது நாம் இருக்கும் இந்த விக்டோரியா மாநிலம்தான். பின்மண்டையையும் மூடும் வகையை வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட்: வங்கிக்காரனாகச் சொல்கிறேன், தேய்மானத்தை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட நல்ல சைக்கிள், கடையில் நிற்கும் புத்தம் புது மட்ட சைக்கிளைவிட மேல். வெல்டிங் அருகே பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெடித்திருந்தால் தொடாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் அப்பாக்கள் முகத்தில் ஒரு தயக்கம் இருக்கும். அது பணத்தைப் பற்றியது மட்டுமில்லை. சைக்கிள் என்றால் அது எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கோ சந்தைக்கோ. இது அதே கான்கிரீட் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து, விழுந்து, எழுந்து, மறுபடி சுற்றுகிறது. எங்கும் போகாத சைக்கிளுக்கு எதற்கு இவ்வளவு செலவு?

அவர்களிடம் நான் சைக்கிள் யக்ஞத்தைக் கேட்பேன். எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரும், மற்றவர்களுக்கு 'இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற ஆள்' என்றும் ஞாபகம் வரும். பள்ளி மைதானத்தில் கொடிக் கயிறு கட்டி, ரெக்கார்டில் பாட்டுப் போட்டு, ஏழு நாள் எட்டு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார் ஒருவர். அதிலேயே குளியல், அதிலேயே சாப்பாடு. ராத்திரியானால் ஹேண்டில்பார் மேல் ஏறி நிற்பார், பின்பக்கமாக உட்கார்ந்து ஓட்டுவார், முன்சக்கரத்தைத் தூக்கி ஒரே சக்கரத்தில் போவார். ஊரே கூடி நின்று பார்க்கும். கடைசி நாள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துவார்கள். அந்தச் சைக்கிளும் எங்கும் போகவில்லை. அதிலும் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை.

வித்தையை நாம் ரசித்தோம். அது வயிற்றுக்கு இல்லாதவன் செய்கிற வேலை என்று வைத்துவிட்டோம், அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு அதை வயிற்றுக்காக இல்லாமல் சந்தோஷத்துக்காகச் செய்துபார்க்கிற வசதி கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே கவுன்சில் கட்டிவைத்த மைதானமும் இருக்கிறது. அளவு பார்த்து, எஃகு பார்த்து, தைரியமாக வாங்கிக் கொடுங்கள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.