துறைமுக கேட்டும் பிராக்ஸி சர்வரும்



2000-ஐ ஒட்டிய வருடங்களில் பிளஸ் டூ எழுதியவர்களுக்கு, ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டரில் நின்ற கூட்டம் மறந்திருக்காது. கடையில் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், வெளியே போக ஒரே லைன். அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விஎஸ்என்எல் முதலில் தொடங்கிய ஊர்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் வழியாக நொடிக்கு 9.6 கிலோபிட்தான். 64 கிலோபிட் லைன் வாடகைக்கு எடுத்தவர் பெரிய கை. பாதை குறுகல், வாடகை அதிகம். அதனால் ஒருமுறை வெளியிலிருந்து கொண்டுவந்த பக்கத்தை இங்கேயே வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் கையிருப்பிலிருந்து கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்வதுதான் பிராக்ஸி சர்வர். ராயபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: சரக்கு குடோனில் இருந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் பக்கம் ஆளுக்கு ஆள் வேறு, அதைச் சேமிக்க முடியாது. ஆனால் எல்லோரும் கேட்கும் படங்களும் முகப்புப் பக்கங்களும் குடோனிலிருந்து வந்தாலே லைன் பாதி மூச்சு விடும்.

இதற்குப் பேர் வாங்கிய மென்பொருள் ஸ்க்விட். அமெரிக்காவின் ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து, டுவேன் வெஸல்ஸ் முயற்சியில் 1996-இல் வெளிவந்தது. இலவசம். காசிமேட்டில் கடம்பா என்று வாங்குகிறோமே, அதன் பெயர்தான் அது!

ஸ்க்விட்டை லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் என எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓட்டலாம். எது சிறந்தது என்று அன்று பெரிய வாக்குவாதம். ஆனால் கூட்ட நேரத்தில் சர்வர் திணறியது பெரும்பாலும் சில பொதுவான இடங்களில்தான்.

முதலாவது, டோக்கன். ஒவ்வொரு இணைப்புக்கும், திறக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் வேண்டும். லினக்ஸில் ஒரு நிரலுக்கு வழக்கமான அளவு 1024. கேட்பவர் பக்கம் ஒன்று, வெளியுலகம் பக்கம் ஒன்று, டிஸ்க்கில் எழுத ஒன்று என்று ஒரு கோரிக்கைக்கே மூன்று போகும். அப்படியானால் சுமார் 340 கோரிக்கைகளிலேயே டோக்கன் தீர்ந்துவிடும், மெமரி காலியாகக் கிடந்தாலும் கூட. இந்த அளவை உயர்த்துவதே முதல் வேலை.

இரண்டாவது, டிஸ்க். ஒரு ஃபைலைப் படிக்கும்போதெல்லாம் "இத்தனை மணிக்குப் படிக்கப்பட்டது" என்று சிஸ்டம் எழுதி வைக்கும். பிராக்ஸிக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. நிறுத்தினால் டிஸ்க்குக்கு வேலை குறையும்.

மூன்றாவது, மெமரி. டிஸ்க்கில் சேமிக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலுக்கே சுமார் 10 எம்பி மெமரி போகும். மெமரியைக் கணக்குப் பார்க்காமல் பெரிய டிஸ்க் போட்டவருக்கு வேகம் குறைந்தது.

இவை மூன்றையும் சர்வர் வைத்திருப்பவரே சரிசெய்யலாம். நான்காவது சிக்கல் சிஸ்டத்தின் உள்ளேயே இருந்தது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் ஒவ்வொரு லாரியாகப் போய் "உன் சரக்கு வந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய முறை அதுதான். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரை எப்படிக் கவனிப்பது என்று 1999-இல் டான் கெகல் எழுதினார். தயாரான லாரியே மணியடிக்கும் முறை ஃப்ரீபிஎஸ்டியில் 2000-இல் கேகியூ என்ற பெயரில் வந்தது. லினக்ஸில் ஈபோல் என்ற பெயரில், 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்போடு பரவியது. மிகப் பெரிய சர்வர்களுக்கு அந்த இடைக்காலத்தில் ஃப்ரீபிஎஸ்டி கைகொடுத்தது. பத்து கம்ப்யூட்டர் கடைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கடலடிக் கேபிள் வந்தது, பாதை அகலமானது. பிறகு பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் பூட்டுக்கு மாறின. சீல் வைத்த கன்டெய்னரைக் குடோன்காரர் பிரிக்க முடியாதல்லவா? பழைய பிராக்ஸியின் சேமிப்பு வேலை சுருங்கியது. ஆனால் வாட்ச்மேனை மாற்றிய அந்த முறைதான் இன்றைய பெரிய இணைய சர்வர்களையும் தாங்குகிறது.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் பிள்ளைகளே, எந்த சிஸ்டம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நெரிசல் எங்கே என்று போய்ப் பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.