ஔவை என்னும் பெயர்

தமிழ் எழுத்தறியத் தொடங்கும் குழந்தை உயிரெழுத்துப் படங்களின் வரிசையில் அம்மா, ஆடு, இலை, ஈ எனத் தொடங்கி, பன்னிரண்டாம் எழுத்தை அடையும்போது ஒரு மூதாட்டியைக் காண்கிறது. வெண்ணிறக் கூந்தலும் நெற்றி நிறைந்த நீறும் கையில் கோலுமாக நிற்கும் அம்மூதாட்டியே ‘ஔ’ என்னும் எழுத்துக்குச் சான்று. ஓர் எழுத்தையே தனக்கு உரிமையாக்கிக் கொண்ட பெண்பெயர் தமிழில் இஃது ஒன்றே எனலாம்.

எழுத்தறிந்த தமிழர் அனைவரும் அறிந்த இப்பெயரைத் தம் மகளுக்கு இட்டவர் எத்தனை பேர்? கல்லூரி வகுப்பறையில் பல்லாண்டுகளாக வருகைப் பதிவேடு வாசித்து வருகிறேன். தமிழ்ச்செல்வி, கயல்விழி, பூங்கோதை, மணிமேகலை, கண்ணகி எனப் பல பெயர்களை அழைத்திருக்கிறேன். நம் மாவட்டத்துக்கே உரிய மாதம்மாளையும் அழைத்திருக்கிறேன். ஔவை என்று அழைக்கும் வாய்ப்பு ஒருமுறையேனும் கிட்டவில்லை. புகழில் முதலிடத்தும் வழக்கில் கடையிடத்தும் நிற்கும் இப்பெயரின் வரலாற்றை, அது முதன்முதலில் புகழ்பெற்ற தகடூர் மண்ணிலிருந்து எண்ணிப் பார்ப்பது நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

சொல்லும் பொருளும்

ஔவை, அவ்வை என இருவகையாகவும் இச்சொல் எழுதப்பெறுகிறது. ‘ஔ’ என்பதற்கு ‘அவ்’ போலியாக வருதலை நன்னூலார் கூறுவாராதலின் இரு வடிவங்களும் பிழையற்றவை. தாய், முதியவள், தவப்பெண் என்பன நிகண்டுகளும் அகராதிகளும் இச்சொல்லுக்குத் தரும் பொருள்கள்.

இது தமிழுக்கு மட்டும் உரிய சொல்லன்று. திராவிட மொழிக் குடும்பத்துக்கே பொதுவான உறவுச்சொல். கன்னடத்தில் ‘அவ்வ’ என்பது தாயைக் குறிக்கும். எல்லவ்வ, கெம்பவ்வ எனப் பெண்பெயர்களின் ஈற்றிலும் மதிப்புக் குறித்து வரும். தெலுங்கில் ‘அவ்வ’ பாட்டியைக் குறிக்கும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் நம் மாவட்டத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாட்டியை ‘அவ்வா’ என்று அழைக்கும் வீடுகள் நம் தெருக்களிலேயே உள்ளன. ஏட்டில் புலவரின் பெயராக நிற்கும் சொல் அடுத்த வீட்டுத் திண்ணையில் உறவுமுறையாக உயிரோடு வழங்குகிறது.

உறவுச்சொல் ஒன்று இயற்பெயராவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. அம்மை, நங்கை, நாச்சியார் ஆகிய சொற்கள் இன்றும் பெயர்களாகவும் பெயர்களின் பகுதிகளாகவும் உள்ளன. சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களைப் பார்த்தால் மற்றோர் உண்மையும் புலப்படும். நக்கண்ணை, நச்செள்ளை, நாகை, ஔவை என அவற்றுட் பல ‘ஐ’ என்னும் ஈற்றினை உடையவை. ‘ஆர்’ என்பது பின்னர்ச் சேர்ந்த மதிப்புப் பன்மை. ஆகவே ஔவை என்பது முதுமை பற்றி வந்த பட்டமாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதற்குக் கட்டாயம் ஏதுமில்லை. அக்காலத்துப் பெண் ஒருத்திக்குப் பெற்றோர் இட்ட இயற்பெயராகவும் அஃது இருந்திருக்கலாம்.

தகடூரில் ஒரு பெயர்

சங்கத் தொகை நூல்களில் ஔவையார் பெயரால் காணப்பெறும் பாடல்கள் 59. அவற்றுள் புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவருள் மிகுதியான பாடல்களைப் பாடியவர் இவரே. புறப்பாடல்களுட் பெரும்பாலானவை தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பற்றியவை. அகப்பாடல்களிலும் அஞ்சியின் பெயர் இடம்பெறுகிறது.

தொகை நூல்களில் புலவர் பெயர்கள் பாடலுக்கு வெளியே, தொகுத்தோர் குறிப்பாகவே நிற்கின்றன. ஔவையின் பெயருக்கு அதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த அதிகனைச் சிறுபாணாற்றுப்படை பாட்டினுள்ளேயே பெயர் சுட்டிப் பேசுகிறது. பத்துப்பாட்டின் காலத்திலேயே இப்பெயர் விளக்கம் வேண்டாத அளவுக்குப் புகழ் பெற்றிருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

அதியமானின் இருப்புக்குக் கல்லும் சான்று பகர்கிறது. திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி துறவியர்க்குப் படுக்கை அமைத்துத் தந்த செய்தியைக் கூறுகிறது. அசோகர் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு எண்ணப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கும் அக்கல்வெட்டே விடை தந்தது. அதியமான் கோவலூரை வென்றதையும் அவ்வெற்றியைப் பரணர் பாடியதையும் புறநானூற்றில் ஔவை குறிப்பிடுகிறார். அக்கோவலூரின் அருகிலேயே அவன் பெயர் பொறித்த கல் கிடைத்தமை, ஔவையின் பாட்டை வெறும் புகழுரை என்று தள்ளிவிட இயலாதபடி செய்துவிட்டது. மன்னனுக்குக் கல் கிடைத்தது. ஔவைக்குக் கல் இல்லை. அவர் பெயரை இன்றளவும் சுமந்து நிற்பது அவர் பாட்டே.

தகடூரில் பாடிய பெண் இவர் ஒருவரல்லர் என்பதும் கருதத்தக்கது. அகநானூற்றின் 352-ஆம் பாடலைப் பாடியவர் அஞ்சியத்தை மகள் நாகையார். அரசனின் அத்தை மகளும் அவையில் பாடிய ஔவையும் ஒரே நாட்டில் கவிஞராக விளங்கினர் என்பது நம் மண்ணின் பழம்பெருமை.

இளமை இழந்த பெயர்

இச்சங்க ஔவை மூதாட்டியாக இருந்தார் என்பதற்கு அவர் பாடல்களில் சான்று உண்டா? புறநானூற்றின் 89-ஆம் பாடலில் பகை வேந்தன் இவரை மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியாக விளித்து, நும் நாட்டில் போர் செய்வாரும் உளரோ என வினவுகிறான். இதனைக் கொண்டு ஔவையை இளம் விறலி எனக் கொள்வாரும் உளர்; பாடல் மரபு பற்றி வந்த கூற்று என்பாரும் உளர். தொண்டைமானிடம் தூது சென்று, நெய் பூசி மயிற்பீலி சூட்டிக் காக்கப்பெற்ற அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்த துணிவு 95-ஆம் பாடலில் உள்ளது. அதியமான் மறைந்தபோது பாடிய 235-ஆம் பாடலில், அவனோடு கள்ளுண்டு மகிழ்ந்ததையும், புலால் நாறும் தம் தலையை மணம் கமழும் தன் கையால் அவன் தடவியதையும் நினைந்து கலங்குகிறார். குறுந்தொகையின் 28-ஆம் பாடலில் காதல் நோயைக் கண்டுகொள்ளாமல் உறங்கும் ஊரை முட்டவோ தாக்கவோ என்று வெகுளும் பெண்குரலைப் படைக்கிறார். நெல்லிக்கனிப் பாடலிலும் அவர் சாவா வாழ்வு பெறவேண்டும் என்று மன்னன் விரும்பியமை சொல்லப்படுகிறதே ஒழிய, அவர் முதுமை சொல்லப்படவில்லை.

கள்ளுண்டு, ஊனுண்டு, யாழும் முழவும் சூழ நாடு நாடாகத் திரிந்த இப்பெண் எவ்வாறு கோலூன்றிய கிழவியானார்? ஔவை என்னும் பெயர் பூண்டோர் பலர் என்பது ஆய்வாளர் துணிபு. சோழர் காலத்தில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நீதிநூல்களைத் தந்த ஔவை சிறார்க்கு அறம் உரைத்தவர். திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பெற்ற அந்நூல்களே ஔவையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே தகடூர் ஔவை பலர்க்கும் அறிமுகமானார். அதற்குள் நீதி புகட்டும் மூதாட்டியின் உருவம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. பின்வந்த பாட்டி முன்வந்த கவிஞரை மறைத்துவிட்டார்.

இம்மறைப்புக்குக் கதையும் துணைநின்றது. திருமணத்தை விரும்பாத இளம்பெண் பிள்ளையாரை வேண்டி முதுமையை வரமாகப் பெற்றாள் என்பது அக்கதை. 1953-இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவ்வேடம் தாங்கியபின் அவ்வுருவம் மேலும் உறுதிப்பட்டது. ஒரு பெண் தனியே வழிநடக்கவும், அரசரோடு சரிநிகராகப் பேசவும், பாடவும் வேண்டுமாயின் அவள் முதலில் இளமையைத் துறக்க வேண்டும் என்று அக்கதை சொல்லாமற் சொல்கிறது. பெண்ணின் புலமையை ஏற்றுக்கொள்ளச் சமூகம் கேட்ட விலை அது. தன் மகளுக்கு இப்பெயரை இடத் தாய் தயங்குவதற்கும் காரணம் அதுவே. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கிழவி என்று அழைக்க யார்க்கு மனம் வரும்?

பெயர் சென்ற வழிகள்

பெண்குழந்தைக்கு எட்டாத இப்பெயர் வேறு பல வழிகளில் பரவியது. திண்டிவனத்தை அடுத்த ஔவையார்குப்பம் என்னும் ஊர், உரைவேந்தர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் பெயருக்கு முன்னெழுத்தானது. அவர் மைந்தர் ஔவை நடராசன் பெயரிலும் அது தொடர்ந்தது. மேடையில் ஔவையாக நடித்த தி. க. சண்முகம் ‘அவ்வை சண்முகம்’ ஆனார். சென்னையில் ஒரு சாலையும் அப்பெயர் தாங்கி நிற்கிறது. பெண்பெயர் ஒன்று ஆடவர் பெயருக்கு முன் பெருமையாக நின்றது நம் பண்பாட்டில் அரிய செய்தி. எனினும் பெண்ணின் பெயராக அது நில்லாமற் போனது வருந்தத்தக்கது.

பெண்கள் இப்பெயரைக் கைவிட்டுவிடவில்லை. தென்மாவட்டங்களில் செவ்வாய்க்கிழமைகளில் ஆடவர் அறியாமல் பெண்கள் கூடி நோற்கும் ஔவை நோன்பு இன்றும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தாழக்குடி அருகே ஔவையாரம்மனுக்குக் கோயிலும் உண்டு. ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியர்க்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் நிறுவிய இல்லத்துக்கு இட்ட பெயர் அவ்வை இல்லம். ஈழத்தில் 1986-இல் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண்கவிஞர் தொகுப்பில் ஔவை என்னும் பெயரிலேயே ஓர் இளங்கவிஞர் எழுதினார். போர்ச்சூழலில் எழுந்த அக்குரல் பழைய ஔவையின் மரபில் வந்ததே. கவிஞர் இன்குலாப் எழுதி, அ. மங்கை மேடையேற்றிய ‘ஔவை’ நாடகமோ கிழவி வேடத்தைக் களைந்து, பாணரோடு பாணராக வழிநடந்த இளம் ஔவையை நம் கண்முன் நிறுத்தியது.

கைவிடப்பட்ட குழந்தையின் பெயர்

ஔவை பற்றிய கதைகளுள் நம் மாவட்டத்தார் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவருள் ஔவை ஒருவர். வள்ளுவரும் கபிலரும் அதிகமானும் உப்பையும் உறுவையும் வள்ளியும் உடன்பிறந்தார் என்பது அக்கதை. வரலாற்றுக்கு அது பொருந்தாது. ஆயினும் தகடூர் அதியமானுக்கும் ஔவைக்கும் இருந்த நட்பை மக்கள் நினைவு உடன்பிறப்பாக மாற்றிக் காத்து வைத்திருப்பதை அதில் காணலாம். பிறந்த குழந்தைகளைப் பிறந்த இடத்திலேயே விட்டு வரவேண்டும் என்ற கட்டளைப்படி ஔவையும் கைவிடப்படுகிறாள். அழும் தாய்க்கு அக்குழந்தையே ஆறுதல் கூறுகிறது. பின்னர்ப் பாணர் எடுத்து வளர்க்கின்றனர். தமிழின் முதற்பெரும் பெண்கவிஞரை மக்கள் கற்பனை ஒரு கைவிடப்பட்ட பெண்குழந்தையாகவே கண்டது.

இக்கதையை நம் மாவட்டத்தில் வெறுங்கதையாகச் சொல்லிவிட இயலுமா? பெண்சிசுக்கொலையால் நம் மாவட்டத்தின் பெயர் நாடறிய இழிவுற்ற காலம் ஒன்று இருந்தது. சேலத்தில் 1992-இல் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிறுவரை நோக்கச் சிறுமியர் தொகை மிகக் குறைந்திருந்த தமிழக மாவட்டங்களின் வரிசையில் சேலமும் தருமபுரியும் முன்நின்றன. 2011 கணக்கெடுப்பில் நிலைமை தேறியிருந்தமை ஆறுதல் தருவது. கருவிலேயே பாலறிவதைத் தடுக்கும் சட்டம் 1994 முதல் உண்டு. ஆயினும் சட்டம் தொடாத இடங்களும் உள. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று ‘வேண்டா’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெண்களுக்குப் பெயரிடும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் இருந்து வந்தது. பெயர் வாழ்த்தாக அமைய வேண்டும். அப்பெண்கள் வாழ்நாள் முழுதும் ஒரு மறுப்பைச் சுமந்தனர்.

ஔவை என்னும் பெயரின் தேவை இங்கேதான் புலப்படுகிறது. நாடாளும் ஒருவன், சாவைத் தள்ளிவைக்கும் அரிய கனியைப் பெற்றபோது, அதனைத் தான் உண்ணாமல் ஒரு பெண் நெடிது வாழட்டும் என்று கொடுத்தது நம் தகடூரில்தான். ஒரு பெண்ணுயிரின் மதிப்பைத் தன் உயிரினும் மேலாகக் கருதிய அச்செயலை நாம் வள்ளன்மை என்று மட்டுமே மேடைதோறும் போற்றி வருகிறோம். சேலம் செல்லும் வழியில் அதியமான்கோட்டையில் அவ்விருவரையும் சிலைகளாக நிறுத்தியும் இருக்கிறோம். சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. அப்பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் எழுதுவதே உண்மையான நினைவுச் சின்னமாகும்.

வட்டத்தின் அன்பர்களே, நம்முள் பலர் தம் பெண்களுக்கு நல்ல தமிழ்ப்பெயர் வேண்டி நம்மிடமே வருவோரை அறிவர். கேட்போர்க்கு அழகிய புதுப்பெயர்களை ஆக்கித் தருவதில் நாம் வல்லவர்கள். இனி, ஔவை என்றும் ஒரு பெயர் உண்டு என்று கூறுவோம். ‘கிழவி பெயராயிற்றே’ என்று அவர்கள் தயங்கினால், மை தீட்டிய கண்ணோடு பகையரசன் அவையில் நின்று மறுமொழி கூறிய பெண்ணின் கதையைச் சொல்வோம். எழுதும்போது ஒகரத்தோடு ளகரம் சேர்த்து ‘ஒளவை’ ஆக்கிவிடாமல் ஔகாரத்தை முறையாக எழுதவும், அது கடினமெனில் அவ்வை என்றே எழுதவும் கற்பிப்போம். நம் ஊர்த் தொட்டில் ஒன்றில் அப்பெயர் ஒலிக்குமாயின், தன் இளமையை அப்பெயர் மீட்டுக்கொண்டது என்று பொருள்.