வல்லூறு சென்ற வழி

நிலத்தில் செல்லும் விலங்கைச் சுவடு பார்த்துப் பின்தொடரலாம். வானில் செல்லும் பறவையை எவ்வாறு பின்தொடர்வது?

1899இல் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். வலசை ஆராய்ச்சிக்கு இது பெருந்துணையாயிற்று. எனினும், வளையம் இரண்டு இடங்களை மட்டுமே கூறும்: ஒன்று பறவைக்கு வளையம் மாட்டிய இடம், மற்றொன்று அது மீண்டும் அகப்பட்ட இடம். இடைப்பட்ட வழியை அதனால் கூற இயலாது.

இக்குறையைச் செயற்கைக் கோள் நீக்கியது. பறவையின் முதுகில் கட்டிய சிறு கருவி வானொலி அலைகளை அனுப்பும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உரத்த சுருதியிலும், விலகிச் செல்கையில் தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை அறிவீர்கள். அதுபோலவே, கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும். அம்மாற்றத்தைக் கொண்டு பறவையின் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். 1980களில் அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுக்கு இம்முறை பயன்பட்டது. ஆனால் அந்நாளைய கருவி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. பெரிய கழுகு அதனைச் சுமக்கும். சிறிய வல்லூறு சுமக்குமா?

அமுர் வல்லூறின் எடையே சுமார் 150 கிராம்தான். தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் கூடு கட்டும் இப்பறவை, வெப்ப மண்டலத்தைக் கடந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்கிறது. வழியில் வடகிழக்கு இந்தியாவில் இறங்கி, ஈசல்களை உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது.

2012 அக்டோபரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே பெருங்கொடுமை ஒன்று வெளியுலகுக்குத் தெரிந்தது. இறைச்சிக்காகக் கட்டிய வலைகளில் நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வல்லூறுகள் மடிவதாக மதிப்பிடப்பட்டது. பாங்டி முதலிய ஊர்களின் மன்றங்கள் வேட்டையைத் தடை செய்தன. வலை விரித்தவர்கள் வருவாயை இழந்தனர். ஆயினும் 2013இல் வலைகள் விரிக்கப்படவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவன அறிஞர்களும் ஹங்கேரி நாட்டு வல்லுநர்களும் அங்கே மூன்று வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தினர். ஒவ்வொன்றும் 5 கிராம் எடை. சூரிய ஒளியால் இயங்குவது. பறவைகளுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று அவ்விடத்துப் பெயர்களையே சூட்டினர்.

செய்திகள் வரத் தொடங்கின. பறவைகள் இந்தியாவைக் குறுக்கே கடந்தன; அரபிக்கடலை இறங்க இடமின்றியே தாண்டின; சோமாலியா வழியாகத் தெற்கே சென்றன. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைப் பின்னிருந்து உந்தியது. அதே காற்றில் கடல் கடக்கும் தும்பிகள் அவற்றுக்கு இரையாகலாம் என்றும் கருதப்படுகிறது.

இத்தகைய நெடும்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பைத் தோயாங் போன்ற தங்கிடங்களே தருகின்றன. அங்கு விரித்த வலை, இரு கண்டங்களின் பறவையை ஒரே இடத்தில் அழித்து வந்தது. 2014இல் நாகாவும் பாங்டியும் மீண்டும் நாகாலாந்துக்கு வந்தன. அவை வந்த வழியைக் கருவி காட்டியது. அவ்வழியில் அவை உயிரோடு செல்ல இடம் தந்தவர்கள் அவ்வூர் மக்களே.