நீலத்துணியும் மூர்களின் மூக்கும்

பாகூரில் என் ஒன்றுவிட்ட அக்காளின் வீடு ஏரிக்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. சென்ற தை மாதத்தில் ஒரு காரியமாக அங்கே போயிருந்தபோது, அக்காள் மகள் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். படிப்பதென்றால் கையில் புத்தகம் இல்லை. செல்போனைத் தூணில் சாய்த்துவைத்து, காதில் இரண்டு குமிழ்களைச் செருகிக்கொண்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். போனுக்குள்ளே கோட்டு அணிந்த ஒருவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் சிக்னல் வராதாம். திண்ணையின் அந்த ஒரு மூலையில்தான் அவளுடைய சர்வகலாசாலை இருக்கிறது.

பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மாலையில் வியாபார நிர்வாகம் படிக்கிறாள். மச்சான் வேலை பார்த்த ஆலை மூடிக் கிடக்கிறது. சம்பளத்துக்காகச் சேர்ந்தவள் மகள், சம்பளத்தை மீறிய ஒன்றுக்காகச் சேர்த்தவள் தாய். அக்காளின் இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது என்பதை நான் கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கேட்கவில்லை.

பாகூருக்குக் கல்வி புதிதல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடுகள் இவ்வூரிலே கிடைத்திருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இவ்வூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச் சாலைக்கு, மூன்று கிராமங்களை மானியமாக விட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் வயிற்றுக் கவலையில்லாமல் இருக்க அன்று மூன்று கிராமங்கள். இன்று ஓர் இரட்டைவடச் சங்கிலி.

வீட்டிலிருந்தபடி பட்டம் பெறும் ஏற்பாடும் நேற்று முளைத்ததல்ல. டில்லி சர்வகலாசாலை 1962-லேயே தபால் மூலம் பாடம் அனுப்பத் தொடங்கிவிட்டது. மதுரை 1971-ல் தொடர்ந்தது. 1985-ல் பிறந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-ல் தொலைதூரக் கல்விக்கென்று தனிப் பிரிவே வைத்தது. 2017-ல் மத்திய சர்க்கார் 'ஸ்வயம்' என்று பெயரிட்டு இணையத்தில் வகுப்புகளைத் திறந்தது. தபால்காரர் கொண்டுவந்த பழுப்பு உறைக்குப் பதிலாக இப்போது செல்போன், அவ்வளவுதான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இந்த வரலாறெல்லாம் ஏன் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று கேட்காதீர்கள்.

"என்னம்மா பாடம்?" என்றேன்.

"கன்ஸ்யூமர் பிஹேவியர், மாமா. தமிழ்ல நுகர்வோர் நடத்தைன்னு போட்டிருக்காங்க."

நடத்தை என்றதும் எனக்கு ஹெட்மாஸ்டர் கொடுக்கும் நன்னடத்தைச் சர்டிபிகேட்தான் நினைவுக்கு வந்தது. விஷயம் அதுவல்லவாம். வாங்குகிறவன் ஏன் வாங்குகிறான், ஏன் ஒன்றை எடுத்து மற்றொன்றைத் தள்ளுகிறான் என்பதைச் சாஸ்திரமாகப் படிப்பது. சாஸ்திரம் இளசுதான். அமெரிக்காவில் எங்கெல், கோலாட், பிளாக்வெல் என்ற மூன்று பேராசிரியர்கள் இதற்கென்று பாடப் புத்தகம் போட்டது 1968-ல். அவள் பாடத்தில் வரும் உதாரணங்களும் அந்தப் பக்கத்தவையே: சோடா பானம், காபிக் கடை, ஓட்டப் பந்தயச் செருப்பு.

"உங்க ஊர்ப் பொருள் ஒண்ணை எடுத்துக்கிட்டு, வாங்கறவங்க அதை ஏன் வாங்கினாங்கன்னு எழுதச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள அனுப்பணும். பாகூர்ல என்ன மாமா இருக்கு? நெல்லுதான் இருக்கு. நெல்லை ஏன் வாங்கறாங்கன்னு எழுதினா சிரிப்பாங்க."

எனக்குச் சுரீரென்றது. ஒரு நாவலுக்காகச் சில வருஷங்களாக நான் குறிப்பெடுத்து வைத்திருக்கும் விஷயம் இது. நாவல் வந்தபாடில்லை, பாடத்துக்காவது உதவட்டும் என்று சொல்லத் தொடங்கினேன். அவளிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

புதுச்சேரியிலிருந்து 'கினே' என்றொரு துணி கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போனதால் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். பருத்தித் துணி, அவுரிச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்துக் கறுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்த நீலம். இதை இங்கே யாரும் உடுத்தவில்லை. பாரிஸிலும் யாரும் உடுத்தவில்லை. உடுத்தியவர்கள் செனெகல் ஆற்றுக்கு வடக்கே, சகாரா பாலைவனத்தின் விளிம்பில் ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த மக்கள். ஐரோப்பியர் அவர்களை மூர்கள் என்றார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துணிகள் ஆப்பிரிக்காவில் என்னென்ன வாங்கின என்று சொல்லவே நா கூசுகிறது. மனிதர்களை வாங்கின. அடிமை வியாபாரத்தில் நம் ஊர்த் துணியும் விலையாக எண்ணி வைக்கப்பட்டது. நெய்தவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. முன்பணம் கொடுத்தார்கள், நெய்து கொடுத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு சரக்கு முன்னுக்கு வந்தது: பிசின். செனெகல் ஆற்றுக்கு அப்பால் வறண்ட பூமியில் ஒரு வேலமரம் வளர்கிறது. நம் கருவேலத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பாலைவனத்துச் சூடான காற்று அடிக்கும் பருவத்தில் அதன் பட்டை வெடித்துப் பிசின் வடியும். மூர்களின் அடிமைகள் அதைச் சேகரிப்பார்கள். ஆற்றங்கரைச் சந்தைகளுக்கு அது வரும். செயின் லூயி பட்டணத்திலிருந்து படகுகளில் வரும் வியாபாரிகள் வாங்குவார்கள். எதைக் கொடுத்து? வெள்ளிக் காசை மூர்கள் விரும்பவில்லை. நீலக் கினேதான் வேண்டும். கடைசியில் கினேத் துண்டு ஒன்றே அங்கே நாணயமாகிவிட்டது. பிசினுக்கு விலை சொல்வதும் துண்டுக் கணக்கில், கடன் எழுதுவதும் துண்டுக் கணக்கில், மூர்களின் தலைவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர் செலுத்திய வருஷாந்தர மரியாதையிலும் கினேத் துண்டுகள்.

அந்தப் பிசின் ஐரோப்பாவுக்கு எதற்கு என்று கேட்டாள் பெண். நல்ல கேள்வி. மருந்துக்கும் மிட்டாய்க்கும் கொஞ்சம் போயிற்று. பெரும்பகுதி போனது ரூவான், மான்செஸ்டர் போன்ற ஊர்களின் துணி அச்சுச் சாலைகளுக்கு. சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் பூவும் கொடியும் கூர்மையாக விழ வேண்டுமானால் சாயத்தில் பிசின் கலக்க வேண்டும். அந்த அச்சுத் துணிகள் எதைத் தோற்கடிக்கக் கிளம்பின? நம் நாட்டுச் சீட்டித் துணிகளைத்தான். ஆக, நம் கைத்தறித் துணி ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பிசின் வாங்கியது. அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய் நம் கைத்தறியின் கழுத்தில் கை வைத்தது. இதை ஒரு நாவலில் எழுதினால் வலிந்து புனைந்தது என்பீர்கள்.

பிரெஞ்சுக்காரருக்கு உடனே ஒரு யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. புதுச்சேரியிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போர்தோ துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி தெற்கே செனெகலுக்குப் போக வேண்டிய துணியை ரூவான் ஆலையிலேயே நெய்து சாயம் போட்டால் என்ன? இயந்திரம் இருக்கிறது, ரசாயன நிபுணர் இருக்கிறார், செலவும் குறையும். நெய்தார்கள். நீலமும் ஏற்றினார்கள். ஆற்றங்கரையில் மூர் அதைக் கையில் வாங்கினான். பிரித்துத் தடவினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தான்.

புதுச்சேரிக் கினேக்கு ஒரு வாசனை இருந்தது. நம் சாயத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அவுரி இலையை ஊறவைத்து, அடித்து, வண்டல் எடுத்துக் கட்டியாக்குவது முதல் வேலை. அக்கட்டியைச் சுண்ணாம்போடும் வேகவைத்த தகரை விதையோடும் தாழியிலே போட்டு நொதிக்க விடுவார்கள். தாழி 'பதத்துக்கு' வந்ததைச் சாயக்காரன் கண்டுபிடிப்பது நிறத்தாலும் நுரையாலும் நாற்றத்தாலும்தான். முக்கி எடுக்கும்போது துணி பச்சை மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இப்படிப் பல தடவை முக்கி, உலர்த்தி, மரக்கட்டையால் அடித்து மினுமினுப்பு ஏற்றுவார்கள். அந்தத் தாழியின் மணம் கடல் கடந்தும் போவதில்லை. சாயம் உடம்பில் ஒட்டி மேனியே நீலமாகும். வாங்கியவனுக்கு அது குறையில்லை, அதுதான் வேண்டும். புதுச்சேரித் தண்ணீரின் குணம் அது என்று சொன்னவர்களும் உண்டு. தண்ணீரோ தகரையோ, ரூவானுக்கு அது கைவரவில்லை.

"இதுக்கு எங்க பாடத்துல பேரு இருக்கு மாமா!" என்று துள்ளினாள். ஏதோ பெயர் சொன்னாள். எழுதிக்கொள்ளம்மா என்றேன்.

ஆனால் வாங்குகிறவன் நம்பிக்கையைக் கெடுக்க அயலான் வர வேண்டியதில்லை. 1830-களின் கடைசியில் பிசின் வியாபாரம் சூடுபிடித்தபோது எல்லாரும் கினேயைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். அவசரத்தில் நீளம் குறைந்தது, நெசவு சன்னமானது, எடை குறைந்தது. துணி மலிந்ததும் அதன் மதிப்பு விழுந்தது. படகு வியாபாரிகள் கடனில் மூழ்கினார்கள். பணத்தையே கலப்படம் செய்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. பிரெஞ்சு சர்க்கார் 1843-ல் சட்டம் போட்டது. செனெகலில் இறங்கும் கினே 16 மீட்டருக்குக் குறையாத நீளமும், சுமார் ஒரு மீட்டர் அகலமும், இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் இருக்க வேண்டும். சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று. பாலைவனத்து மேய்ப்பனின் மூக்குக்கு ஒரு மன்னரின் சர்க்கார் கீழ்ப்படிந்த கதை என்று இதைச் சொல்லலாம்.

இதற்குள் புதுச்சேரியிலும் இயந்திரம் வந்துவிட்டது. 1820-களின் இறுதியில் தொடங்கிய நூற்பாலைதான் பின்னால் சவானா ஆலை என்று பெயர் பெற்றது. நூல் ஆலையில், சாயம் பழைய தாழியில் என்று சில காலம் இரண்டும் சேர்ந்தே ஓடின. பிறகு மான்செஸ்டரும் பெல்ஜியமும் மலிவான கினேயோடு செனெகலுக்குள் நுழைந்தன. 1877-ல் அயல்நாட்டுக் கினேக்கு மட்டும் தனித் தீர்வை விதித்துப் புதுச்சேரிச் சரக்குக்கு முட்டுக்கொடுத்தார்கள். முட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோதே மூக்கின் ஆட்சி முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். மூர்களின் பிள்ளைகள் மலிவுக்குப் பழகியிருப்பார்கள். 1897-ல் ஜெர்மன் கம்பெனி ஒன்று ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுற்றிலும் தென்னார்க்காட்டில் விளைந்த அவுரிக்கு அதோடு மவுசு போயிற்று. செனெகலில் பிசினை நிலக்கடலை முந்தியது. துணிக்குப் பதில் காசு புழங்கியது.

ஆலைகள் மட்டும் வளர்ந்தன. 1936 ஜூலை 30-ம் தேதி வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் மாண்டதும், அதை ஒட்டி எட்டு மணி நேர வேலை வந்ததும் புதுச்சேரிக்காரர் அறிந்தவை. அந்த வரலாற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ரோடியர் ஆலை என்று ஜனங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. இதைச் சொல்லும்போது மச்சான் நடையில் வந்து நின்றிருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நான் சொல்லி முடிக்க இரவு மணி எட்டாகிவிட்டது. அவள் ஏழு பக்கம் எழுதியிருந்தாள். 800 வார்த்தைதான் அனுமதியாம். வெட்ட வேண்டும் என்றாள். அது எனக்கும் பழக்கமான துக்கம்.

பிறகு போனில் ஒரு படிவத்தைத் திறந்தாள். பொருளின் பெயர், விற்பனை இடம், வாங்குவோர் என்று வரிசையாகக் கட்டங்கள். கினே என்று போட்டாள், செனெகல் என்று போட்டாள், மூர்கள் என்று போட்டாள். நாலாவது கட்டத்தில் விரல் நின்றது.

"மாமா, தயாரிச்சவங்க பேரு கேக்குது."

எனக்குக் கவர்னர்களின் பெயர்கள் தெரியும். 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதிய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரியும். அவரே துணி வியாபாரம் அறிந்தவர், அவரை வைத்துப் பிரபஞ்சன் நாவலே எழுதிவிட்டார். ஆலைகளின் பெயரும் தெரியும். தாழிக்குப் பக்கத்தில் நின்று நுரையைப் பார்த்து, முகர்ந்து, பதம் சொன்னவனில் ஒருவன் பெயர்கூட என் குறிப்பு நோட்டில் இல்லை.

"சாயக்காரர்கள்னு போடும்மா" என்றேன்.

"அப்படிப் போட்டா எடுத்துக்குமா?"

போட்டுப் பார்த்தாள். ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. அடுத்த கட்டம் திறந்தது. உள்ளேயிருந்து அக்காள், "தம்பி, சோறு ஆறுது" என்று கூப்பிட்டாள்.