தீவகத்துப் பள்ளிகளும் கடல் கடந்த நட்பும்

மணிமேகலைக் காப்பியத்தைக் கற்றோர் யாவரும் அமுதசுரபியை அறிவர். ஆபுத்திரன் கையிலிருந்த அப்பாத்திரம் மணிபல்லவத் தீவிலே கோமுகிப் பொய்கையில் மூழ்கிக் கிடந்து, வைகாசிப் பௌர்ணமியன்று மணிமேகலையின் கைக்கு வந்தது. அம்மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது அறிஞர் சிலர் கொண்ட கருத்து. பாத்திரத்தைத் தந்தது தீவு. அதனாற் பசி தீர்ந்தது கடலுக்கு அப்பாலிருந்த காவிரிப்பூம்பட்டினத்தில். அங்கும் ஆதிரை என்னும் கற்புடை மங்கை முதற் பிச்சை இட்ட பின்னரே அது வற்றாது சுரந்தது என்பர். இரு கரையாரும் கொடுத்தபோதே பசி நீங்கிற்று. வெவ்வேறு நாட்டுப் பள்ளிகள் மாணவர் நலனுக்காகக் கைகோத்த வரலாற்றை ஆராயப் புகும் நமக்கு இக்கதை நல்லதோர் அளவுகோலாகும்.

யாழ்ப்பாணத்திலே கடல் கடந்த கல்வித் தொடர்பு 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனாரின் வருகையோடு புதிய உருவம் பெற்றது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. அமெரிக்காவிலிருந்த திருச்சபைகளும், மாதர் சங்கங்களும், ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகளுங்கூடச் சேர்த்தனுப்பிய பணத்தினால் இங்குள்ள பிள்ளைகள் உண்டு, உடுத்து, படித்தனர். பொருளுதவியவரின் பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டுதல் வழக்கமாயிற்று. கறோல், நெவின்ஸ், கிங்ஸ்பரி போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத்து மாணவர் பெயர்களோடு ஒட்டிக்கொண்டது இவ்வாறே. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உணவு, உறைவிடம், உடல்நலம் ஆகிய மூன்றும் கல்வியோடு சேர்ந்தே நடந்த காலம் அது.

அதன் பயனை எவரும் மறுத்தற்கில்லை. கிங்ஸ்பரி என்ற பெயரைத் தாங்கி வட்டுக்கோட்டையிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். 1887இற் கலித்தொகையை அச்சேற்றித் தமிழுலகத்தையே கடனாளியாக்கினார். ஆயினும் அந்த ஒத்துழைப்பிலே ஒரு குறை இருந்தது. கொடுக்கும் கை ஒரு கரையிலும், ஏந்தும் கை மறுகரையிலும் நிலைத்துவிட்டன. எதைக் கற்பிப்பது, எத்துணைக் காலம் கற்பிப்பது என்பன தொலைவிலிருந்தோர் தீர்மானித்தவை. பிள்ளை தன் பாட்டன் பெயரை விட்டுத் தான் காணாத ஒருவரின் பெயரைத் தாங்கினான். தாய்ச்சபையின் கொள்கை மாறியதும், 1855இற் செமினரி மூடப்பட்டது. பதினேழு ஆண்டுகளின் பின், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, உள்ளூரார் தாமும் முன்னின்று பொருள் திரட்டினர்.

இதே காலத்திலே மறுதிசையிலும் ஓர் உதவி சென்றது. வண்ணார்பண்ணையிலே 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தார் அளித்த பொருளும் அதற்குத் துணையாயிற்று. பெற்றுக்கொண்டே இருந்த சிறிய குடாநாடு, கடல் கடந்து கொடுக்கவும் வல்லது என்பதை அச்செயல் காட்டிற்று.

தீவகத்தின் மைந்தரொருவர் இவ்விரு திசைகளையும் தம் வாழ்விலே இணைத்தார். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்று, உரோமாபுரியிற் குருத்துவக் கல்வியை முடித்தார். 1940இல் அவர் ஆசிரியராகச் சென்றது திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பாடசாலைக்கு. கற்பிக்கச் சென்ற அவர் அங்கேயே தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார் என்பது உற்று நோக்கத் தக்கது. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராகவும், மலாயாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் விளங்கிய அவர், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கு முன்னின்று உழைத்தார். 1966இற் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு கூடிற்று. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டார்க்குக் கற்பிக்கும் அவையாக அது அமையவில்லை. பல நாட்டாரும் தத்தம் ஆய்வோடு வந்து சமமாக அமர்ந்தனர்.

இவ்வெண்ணம் பள்ளிகளின் அளவிலும் உலகிற் பரவிற்று. யுனெஸ்கோ நிறுவனம் 1953இல் 15 நாடுகளைச் சேர்ந்த 33 இடைநிலைப் பள்ளிகளை ஒன்றிணைத்து இணைப்பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அதிற் பல்லாயிரம் பள்ளிகள் உள்ளன. 1992இல் உலக சுகாதார நிறுவனமும், ஐரோப்பியப் பேரவையும், ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து, நலம் பேணும் பள்ளிகளுக்கென ஒரு வலையமைப்பை உருவாக்கின. பிள்ளையின் உணவும், உறக்கமும், மன அமைதியும், தோழமையும் பாடத்திட்டத்துக்குப் புறம்பானவை அல்ல என்பது அதன் அடிப்படை. ஒரு நாட்டுப் பள்ளி கண்ட அனுபவத்தை மற்றொன்று அறிந்து பயன்கொள்ளும் வழி இவ்வாறு திறந்தது.

நேயர்களே, நமது தீவகத்துப் பிள்ளைகளுக்கு இது எத்துணை வேண்டற்பாலது என்பதை எண்ணிப் பாருங்கள். 1985 மே 15ஆந் தேதி குமுதினிப் படகிலே நெடுந்தீவுப் பயணிகள் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். வகுப்பறைகள் ஆளின்றிக் கிடந்தன. போர் 2009இல் முடிந்தது. பிரிவும் அச்சமும் வீடுகளிலே எஞ்சின. இன்றும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். கடல் கொந்தளித்தால் ஆசிரியரின் வரவும் தடைப்படும். நோயாளியின் பயணமும் தடைப்படும்.

அன்று இடம்பெயர்ந்தோரிற் பலர் கனடாவிலும், இங்கிலாந்திலும், பிரான்சிலும், சுவிற்சர்லாந்திலும் குடியேறினர். அவர்களின் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடமும், கணினியும், புலமைப்பரிசிலும் அளித்து வருகின்றன. போற்றத்தக்க பணி இது. எனினும் பணம் வந்து சேர்வதோடு தொடர்பு முடிந்துவிடுமாயின், வட்டுக்கோட்டையிற் கண்ட பழைய குறை மீண்டும் தலைகாட்டும். கொடுப்போரின் தலைமுறை மறைந்ததும் கொடையும் மறைந்துபோகும். சங்கம் பள்ளிக்கு உதவுவதோடு, பள்ளியும் பள்ளியும் தோழமை கொள்ளல் வேண்டும். புலம்பெயர்ந்த நாட்டிலே தமிழ்ப் பேச்சு மங்கித் தனிமையுறும் பிள்ளைக்கும், தீவிலே தனிமையுறும் பிள்ளைக்கும் உள்ள ஏக்கம் ஏறத்தாழ ஒன்றே. திங்களுக்கொருமுறை இரு வகுப்புகளும் இணையவழியிற் பேசிக்கொள்ளலாம். இரு பள்ளி ஆசிரியரும் மாணவரின் மனநலம் பேணும் முறைகளைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கொடுப்பதற்குத் தீவிடம் என்ன உண்டு என ஐயுற வேண்டா. நெடுந்தீவின் பவளக்கல் மதில்கள், கட்டற்றுத் திரியும் குதிரைகள், பெருக்கமரம் ஆகியன வரலாற்றையும் உயிரியலையும் ஒருங்கே கற்பிப்பன. நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் அண்மையிலே நிற்கும் நயினாதீவு, இரு சமயத்தாரும் ஒரே படகிற் பயணஞ்செய்யும் காட்சியைத் தருகின்றது. இவற்றை ஆராய்ந்து, எழுதி, படம்பிடித்துத் தூரநாட்டு மாணவர்க்குக் கற்பிக்கும் பிள்ளை, இரப்போனாக அன்றி ஆசிரியனாகவே அவர்முன் நிற்கும். அந்நிலை தரும் தன்மதிப்பும் நலத்தின் ஒரு கூறே. தீவகத்துத் தலைமையாசிரியர்களும் கடல் கடந்த சங்கத்தாரும் இவ்வாண்டிலே ஒரு வகுப்பையாயினும் மற்றொரு வகுப்போடு இணைத்துத் தொடங்குவாராக.