ஒரு ஏரிக்காக நடந்த வழக்கு

போலந்தின் தென்கோடியில் தத்ரா மலைத்தொடர் இருக்கிறது. கோடை வந்துவிட்டால் அங்கே ஏராளமானோர் ஒரே பாதையில் நடப்பதைப் பார்க்கலாம். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, சுமார் 9 கிலோமீட்டர் தார் ரோட்டில் ஏறினால் மோர்ஸ்கியே ஓகோ என்ற ஏரி வரும். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். சின்னக் குழந்தைகள்கூட நடக்கிறார்கள்.

ஏரி 1395 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழம் 50 மீட்டருக்கு மேல். 'கடலின் கண்' என்பது பெயரின் பொருள். ஏரிக்கு அடியில் கடல்வரை ஒரு சுரங்க வழி போகிறது என்று பழைய கதை ஒன்று உண்டு.

அந்த ரோட்டுக்கு ஓஸ்வால்ட் பால்ட்சர் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் ராஜாவும் அல்ல, தளபதியும் அல்ல. சட்ட வரலாறு சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர். ஒரு வாத்தியார் பெயரை மலைப்பாதைக்கு ஏன் வைத்தார்கள்?

1795-ல் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. தென்பகுதியான கலீசியா ஆஸ்திரியாவிடம் போனது. மலைக்கு அந்தப் பக்கம் ஹங்கேரி. இரண்டுக்கும் பேரரசர் ஒருவர்தான், பிரான்ஸ் ஜோசப். ஆனாலும் எல்லை எது என்பதில் தகராறு இருந்தது. ஏரியில் பாதியும் அதைச் சுற்றியுள்ள மலைச்சரிவும் தங்களுடையது என்றது ஹங்கேரி.

1879-ல் ஹங்கேரி பக்கத்து எஸ்டேட்டை ஹோஹன்லோஹே என்ற ஜெர்மன் இளவரசர் வாங்கினார். 1889-ல் இந்தப் பக்கம் இருந்த ஸகோபானே எஸ்டேட்டை ஏலத்தில் எடுத்தவர் ஸமோய்ஸ்கி என்ற போலந்து பிரபு. பிரஷ்ய அரசால் வெளியேற்றப்பட்டவர் அவர். அதனால் இது அவருக்கு வெறும் நிலத் தகராறாகத் தெரியவில்லை. இரு தரப்பு ஆட்களும் மலையில் அடிக்கடி மோதிக்கொண்டார்கள். ஒருவர் கட்டுவதை மற்றவர் இடிப்பதும் நடந்தது.

கடைசியில் விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1902 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விசாரணை தொடங்கியது. இரு தரப்புக்கும் ஒவ்வொரு நடுவர். தலைவராக சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நீதிபதி விங்க்லர். கலீசியா தரப்பில் வாதாடியவர்தான் பால்ட்சர். பழைய பத்திரங்களையும் வரைபடங்களையும் தேடியெடுத்து, எல்லை மலைமுகட்டின் வழியாகத்தான் போகிறது, ஏரியின் நடுவே அல்ல என்று வாதாடினார். மன்றத்தினர் நேரில் மலைக்கே போய்ப் பார்த்தார்கள். சுவிஸ் நிபுணர் பெக்கரும் மலைமுகடுதான் இயற்கையான எல்லை என்றார்.

1902 செப்டம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. ஏரி முழுவதும் கலீசியாவுக்கே!

போலந்துக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். சட்டப்படி பார்த்தால், ஜெயித்தது ஆஸ்திரியாவின் ஒரு மாகாணம்தான். ஆனால் ஆயுதம் ஏந்திய எழுச்சிகள் எல்லாம் தோற்றுப்போன அந்த மக்களுக்கு, வாதாடியே ஒரு துண்டு மண்ணைக் காப்பாற்ற முடிந்தது பெரிய விஷயம். கொடியும் ராணுவமும் இல்லாதவர்களிடம் பழைய காகிதங்கள் இருந்தன, அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தார்.

1918-ல் போலந்து மறுபடியும் ஒரு நாடானது. ஸமோய்ஸ்கி தன் சொத்தையெல்லாம் நாட்டு மக்களுக்கே எழுதிவைத்துவிட்டு 1924-ல் இறந்தார். ஏரியை ஒட்டி அன்று வரையறுத்த கோடுதான் இன்றும் போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எல்லை.

ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வழக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் அங்கே வந்து சேர அவர்கள் நடந்தது அந்த வாத்தியாரின் பெயரைத் தாங்கிய ரோட்டில்தான்.