கூட்டப்படும் நேரமும் குறையும் கவனமும்: மேல்நிலை மாணவரின் மனச்சோர்வைப் பள்ளி எதிர்கொள்ளும் முறை குறித்து

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நன்றாகப் படித்துவந்த மாணவியின் மதிப்பெண் காலாண்டுத் தேர்வில் சட்டெனச் சரிந்தால் அடுத்து நடப்பவற்றை எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மாலை ஸ்பெஷல் கிளாஸ் பட்டியலில் அவள் பெயர் ஏறும். பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பார்கள். ‘வீட்டுல போன் பாக்குறாளா?’ என்று ஆசிரியர் கேட்பார். விளையாட்டு பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். வீட்டில் விடிகாலை நாலரை மணிக்கு எழுப்பிவிடத் தொடங்குவார்கள். எல்லாம் அக்கறையில் செய்பவைதாம். ஆனால் அவளுடைய கவனம் சிதறியதற்கு மனச்சோர்வு காரணமாக இருந்தால், இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அவளுக்குக் கேடு செய்கின்றன. கவனச் சிதறல் பதின்பருவ மனச்சோர்வின் ஓர் உறுப்பு. அதை உழைப்புக் குறையாகக் கொண்டு படிப்பு நேரத்தைக் கூட்டும் வழக்கம், மீண்டுவர அவளுக்கு எஞ்சியிருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் உள்ளே கவனம்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. அவற்றுள் ஐந்தேனும் இரண்டு வாரம் தொடர்ந்து இருக்கவேண்டும். தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்று அந்த ஐந்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். சிந்திக்கவோ கவனம் செலுத்தவோ முடியாமை அந்த ஒன்பதில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாட்டிலும் அதற்கு இடமுண்டு. ஆக, ‘படிப்பில் கவனம் இல்லை’ என்று ரேங்க் கார்டில் எழுதப்படும் குறிப்பு, சில மாணவர்களைப் பொறுத்தவரை, ஒரு மருத்துவ அறிகுறியின் பதிவு.

பதின்பருவத்தினரைப் பற்றி டிஎஸ்எம்-5 கூடுதலாக ஒன்று சொல்கிறது. இவர்களிடம் துயரத்தின் இடத்தில் எரிச்சலே மேலோங்கித் தெரியலாம். இது ஆசிரியர் அறையில் சரியாக உள்வாங்கப்படவில்லை என்பது என் கருத்து. அழும் பிள்ளையிடம் எவரும் இரக்கம் காட்டுவர். எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கு, ரெக்கார்டு நோட்டை முடிக்காமல் ‘தெரியல சார்’ என்று விறைத்து நிற்கும் பிள்ளைக்கு, அந்த இரக்கம் கிடைப்பதில்லை. இருவருக்கும் ஒரே நோய் இருக்கக்கூடும்.

கவனம் ஏன் சிதறுகிறது என்பதற்கு உளவியல் தரும் விளக்கங்களில் பள்ளிச் சூழலுக்கு மிக நெருக்கமானது செயல்நினைவு சார்ந்தது. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் முன்வைத்த கருத்தாக்கம் அது. ஒரு வேலையைச் செய்து முடிக்கும்வரை தேவையான செய்திகளை மனம் ஏந்தி வைத்திருக்கும் இடம் செயல்நினைவு. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. இயற்பியல் கணக்கு ஒன்றைப் போடும் மாணவன் கொடுக்கப்பட்ட மதிப்புகளையும் சூத்திரத்தையும் இடையில் வந்த விடையையும் ஒரே நேரத்தில் அங்கே தாங்கியாக வேண்டும். மனச்சோர்வில் அதே இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்கிறது. தன் துயரத்தையும் அதன் காரணத்தையும் திரும்பத் திரும்ப அசைபோடும் இந்தப் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்சிமா தம் ஆய்வுகளில் காட்டினார். ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’, ‘அப்பா கட்டின ஃபீஸெல்லாம் வீண்’ என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது சூத்திரத்துக்கு எங்கே இடம்? ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை என்று பிள்ளைகள் சொல்வது சாக்கு அன்று. நடப்பதை அப்படியே சொல்கிறார்கள்.

தீங்கு அடுத்த கட்டத்தில் முற்றுகிறது. ஏறாத பக்கம், தான் லாயக்கில்லை என்பதற்குப் புதிய சான்றாகிவிடுகிறது. அந்தச் சான்று மறுநாளைய அசைபோடலுக்குத் தீனி. இந்நிலையில் படிப்பு நேரத்தை இரண்டு மணி நேரம் கூட்டினால், இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தோற்கும் வாய்ப்பைத்தான் தருகிறோம்.

மனநிலை தெளிந்தபின்னும் கவனம் உடனே திரும்பிவிடுவதில்லை. மனச்சோர்வு தணிந்தவர்களிடமும் கவனம், திட்டமிடல் ஆகிய திறன்களில் குறை நீடிப்பதை 2014-இல் ‘சைக்கலாஜிக்கல் மெடிசின்’ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. அதில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் வயதுவந்தோர் என்றாலும் பள்ளிகளுக்கு இது மிக முக்கியமான செய்தி. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் பிள்ளை சிரிக்கிறாள், தோழிகளோடு பேசுகிறாள். ‘இப்ப நல்லாத்தான இருக்கா, படிக்க மட்டும் ஏன் வலிக்குது?’ என்ற கேள்வி வீட்டில் எழுவது அப்போதுதான். மீட்சியின் நடுவழியில் விழும் அந்தச் சொல் அவளைப் பழைய இடத்துக்கே தள்ளக்கூடும்.

கவனம் சிதறிய பிள்ளைகள் அனைவருக்கும் மனச்சோர்வு என்று நான் சொல்லவரவில்லை. கவனக்குறை மிகையியக்கக் கோளாறு என்றால் அதன் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கணக்கிட்டது. களைப்பும் கவனமின்மையும் அதிலும் வரும். தைராய்டு குறைபாட்டிலும் வரும். ஆகவே ஓர் இரத்தப் பரிசோதனை முதலிலேயே செய்யத்தக்கது. மனச்சோர்வைப் பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளை முன்பு இப்படி இருந்ததா? மாற்றத்தைக் காண, ஆண்டுக்கணக்கில் அந்தப் பிள்ளையை அறிந்த ஒருவர் வேண்டும். நம் ஏற்பாட்டில் பலர் பத்தாம் வகுப்பு முடிந்ததும் வேண்டிய குரூப்புக்காக வேறு பள்ளி மாறுகிறார்கள். அறிந்தவர் எவரும் இல்லாத இடத்தில், மிகக் கடினமான பாடங்களோடு, சிலர் ஹாஸ்டலிலும், ப்ளஸ் ஒன் தொடங்குகிறது.

நேரத்தைக் கூட்டும்போது பறிபோவது

முதலில் தூக்கம். பூப்புப் பருவத்தில் உடலின் நாள்வட்டம் பின்னே நகர்வதை மேரி கார்ஸ்கடனின் ஆய்வுகள் நிறுவின. இரவில் தூக்கம் தாமதமாக வருவதும் காலையில் எழ முடியாததும் இவ்வயதின் உடலியல்பு. 13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. அந்நாட்டுக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், காலை 8.30-க்கு முன் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கக் கூடாது என்றது. இங்கே பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளையை முன்மாதிரியாகக் காட்டுகிறோம். தூக்கக் குறைவு நலமாயிருக்கும் பிள்ளையின் கவனத்தையே கெடுக்கும். மனச்சோர்வுள்ள பிள்ளைக்கு அது இரட்டை அடி.

அடுத்து, மகிழ்ச்சி தரும் செயல்கள். பீட்டர் லெவின்சோன் 1970-களில் தந்த விளக்கப்படி, வாழ்வில் நிறைவு தரும் அனுபவங்கள் குறையும்போது மனிதர் ஒதுங்குகிறார். ஒதுங்குவதால் அவை மேலும் குறைகின்றன. இதிலிருந்து பிறந்த சிகிச்சை முறை, மனம் சரியாகட்டும் என்று காத்திராமல் சிறு செயல்களை முதலில் மீட்டெடுக்கச் சொல்கிறது. கைப்பந்து, பாட்டு, தோழியோடு சைக்கிளில் வீடு திரும்புதல் என்று அம்முறையில் மருந்தாக எழுதித் தரப்படும் செயல்களையே நாம் தண்டனையாகப் பறிக்கிறோம்.

மூன்றாவது, மானம். மதிப்பெண் குறைந்தவர்களைத் தனியே பிரித்து ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்று பெயரிட்டு உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் பரவலாக உண்டு. மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வகுத்த நெறிமுறைகள், மதிப்பெண் அடிப்படையில் பிரிப்பதையும் பிறர் முன் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்கின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் இருக்கவேண்டும் என்றும் அவை பணிக்கின்றன. இது எத்தனை பள்ளிகளில் பெயரளவில் நின்றுவிடும் என்பதே என் கவலை.

இதற்கு எழும் மறுப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கட் ஆஃப் கணிதத்திலும் இயற்பியலிலும் வேதியியலிலும் பிள்ளை ப்ளஸ் டூவில் எடுப்பதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு அந்த ஒரு தேர்வுதான் குடும்பம் மேலேறக் கிடைத்த வழி. ‘ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு படிச்சிரு கண்ணு’ என்று தாய் சொல்வதில் கொடுமை எதுவும் இல்லை, கணக்கு இருக்கிறது. ஆனால் கூடுதல் நேரம் கூடுதல் மதிப்பெண்ணாக மாறும் என்ற அனுமானத்தின் மீது நிற்கும் கணக்கு அது. மேலே சொன்ன காரணங்களால் மனச்சோர்வுள்ள மாணவரிடம் அந்த அனுமானம் தகர்கிறது. மதிப்பெண்ணே குறிக்கோள் என்றாலும் முதலில் நோயைக் கவனிப்பதே வழி.

தமிழ்நாட்டு அரசு எடுத்த சில முடிவுகள் இத்திசையில் நல்லவை. 2017-இல் மாநில அளவிலான முதலிடப் பட்டியல் வெளியிடுவது நின்றது. தவறியவர் ஓராண்டை இழக்காமல் உடனடித் துணைத்தேர்வு எழுத முடிகிறது. ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வின் கதை சிக்கலானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்க 2017-18-இல் அது வந்தது. அதனால் மூன்று ஆண்டுகளில் மூன்று பொதுத்தேர்வு என்றானது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. நீக்கியது சரி என்றே கருதுகிறேன். ஆனால் மேற்பார்வை இல்லாவிட்டால் ‘பிராய்லர் பள்ளி’ என்று இதழ்கள் பெயரிட்ட அந்தப் பழைய முறை திரும்பும்.

எது உதவுகிறது

பள்ளி செய்யக்கூடியதைப் பற்றி நமக்கு மிக அருகிலுள்ள சான்று பீகாரிலிருந்து வருகிறது. நாளந்தா மாவட்டத்தின் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து, 2018-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘செஹர்’ ஆய்வு அது. ஒரு பகுதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் இதற்கென்றே அமர்த்தப்பட்டார். மற்றொரு பகுதியில் அதே திட்டத்தை ஆசிரியரே தம் பணியோடு சேர்த்து நடத்தினார். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. ஆசிரியரிடம் விடப்பட்ட பள்ளிகளில் பயன் தெரியவில்லை. ஆசிரியரைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. மதிப்பெண் போடுபவரிடம் பிள்ளை மனந்திறப்பது அரிது. ஆசிரியருக்கு நேரமும் கிடையாது. இங்கே ஒருநாள் பயிற்சி கொடுத்து வகுப்பாசிரியரையே ஆலோசகராக அறிவிக்கும் போக்குக்கு இது நேர் எதிரான சான்று.

எல்லோருக்கும் பொதுவான தியான வகுப்பு ஒன்றை வைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையையும் மறுபரிசீலனை செய்யவேண்டும். பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடையே நடந்த ‘மைரியட்’ ஆய்வு, பள்ளிகளில் வழக்கமாக நடப்பதைவிட மனஒருமைப் பயிற்சி கூடுதல் பயன் தரவில்லை என்று 2022-இல் காட்டியது. தனித்தனியாகப் பிள்ளையைக் கண்டறிந்து செய்யும் சிகிச்சைக்கு அந்தப் பயிற்சி ஈடாகாது.

சிகிச்சை பலன் தருகிறது. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மனச்சோர்வுள்ள 439 பதின்பருவத்தினர் பங்கேற்றனர். பன்னிரண்டு வாரத்தில், மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றோரில் 71 விழுக்காட்டினர் தேறினர். வெற்று மாத்திரை பெற்றோரில் 35 விழுக்காடு. மருந்தின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று மருத்துவர் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அமெரிக்காவில் அதே ஆண்டு வந்தது. மருத்துவரிடம் போனது தெரிந்தால் பெண்ணின் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று தயங்கும் பெற்றோர் அறியவேண்டியது: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உரிமையாகவே தந்துள்ளது.

மாணவர் தாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. அவை எல்லாம் செயல்நினைவின் சுமையைக் குறைக்கும் நோக்கில் அமையவேண்டும். இருபது நிமிடம் மட்டும் உட்காருவது. புதிய கணக்கைவிடப் பாடநூலில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுக் கணக்கைக் கையால் எழுதிப் பார்ப்பது. நெடுவினாவை விட்டு ஒரு மதிப்பெண் வினாக்களில் தொடங்குவது. நினைவில் வைக்க முயல்வதைக் காகிதத்தில் இறக்கிவிடுவது, அலைக்கழிக்கும் கவலையையும் சேர்த்து. தினமும் ஒரே நேரத்தில் எழுவது. நம்பும் பெரியவர் ஒருவரிடமேனும் சொல்வது.

பள்ளி இவற்றோடு ஒன்றைச் சேர்த்தால் போதும்: பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்வது. சில வாரம் வராமலிருந்த பிள்ளை திரும்பி வர அஞ்சுவது பெரும்பாலும் பாடத்துக்காக அன்று. எழுதாமல் விட்ட ரெக்கார்டு நோட்டுகளுக்காகவும் வீட்டுப்பாடங்களுக்காகவும் கேட்கப்போகும் கேள்விகளுக்காகவும்தான். ‘விட்டதெல்லாம் விடு, இன்னைக்கு நடத்துறதை மட்டும் எழுது’ என்று தலைமையாசிரியர் சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை.

2015-16-இன் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணித்தது. ஐம்பது பேர் அமரும் வகுப்பில் அது மூன்று நான்கு பிள்ளைகள். ஆசிரியர்களிடம் வேண்டிக்கொள்வது இதுவே: மதிப்பெண் சரிந்த பிள்ளையின் பெயரை ஸ்பெஷல் கிளாஸ் பட்டியலில் எழுதும் முன், தனியே அழைத்து, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா என்று கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லையா என்று நேராகவும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் வீட்டாரையும் மருத்துவரையும் அன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம்.